பத்து வயது மகனுக்கு விளம்பரப் பட வாய்ப்பு: எதில் கையெழுத்துப் போடுகிறீர்கள்?

கோவையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய மகனுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. பள்ளி ஆண்டு விழாவில் நாடகம் போட்டான். அந்த வீடியோவைப் பார்த்த, விளம்பரங்களுக்கு நடிகர்களைப் பிடித்துத் தரும் ஒரு கோ-ஆர்டினேட்டர் சென்னையில் ஆடிஷனுக்கு வரச் சொன்னார். கையில் வைத்து விளையாடும் வீடியோ கேம் கருவி ஒன்றுக்கான டிவி விளம்பரத்துக்கு அவனைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் சென்னையில் ஸ்டுடியோ, ஒரு நாள் முட்டுக்காடு பக்கம் கடற்கரை வீட்டில் படப்பிடிப்பு. சம்பளம் 75,000 ரூபாய், கூடவே அந்தக் கருவி ஒன்று. கோ-ஆர்டினேட்டருக்குக் கமிஷன் 25 சதவீதம். பணம், விளம்பரம் ஒளிபரப்பாகி 90 நாளுக்குப் பிறகு அப்பாவின் கணக்குக்கு வரும். இதற்கிடையில் 'போர்ட்ஃபோலியோ' (நடிகரின் புகைப்படத் தொகுப்பு) செலவுக்கு 12,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். மூன்று பக்க அக்ரிமென்டில் அடுத்த வாரத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. ஓய்வுபெற்ற ஆசிரியரான மாமனார், "இது குழந்தைத் தொழிலாளர் விவகாரம், போலீஸ் வரும்" என்கிறார். கணவரோ, "ஏற்கெனவே போனை விட்டு எழுந்திரிக்க மாட்டேங்கறான், இதுல கேம் விளம்பரம் வேறயா?" என்கிறார். கோ-ஆர்டினேட்டர், "அனுமதியெல்லாம் சினிமாவுக்குத்தாங்க, ரெண்டு நாள் விளம்பரத்துக்கு யாரும் கேக்க மாட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார். உறவினர் ஒருவர், "மைனர் அக்ரிமென்ட் கோர்ட்ல செல்லாது, எதுல வேணா கையெழுத்துப் போடு" என்று தைரியம் கொடுத்திருக்கிறார். பையனுக்கு மூன்று வயதில் காய்ச்சலோடு ஒருமுறை வலிப்பு வந்திருக்கிறது. அந்தக் கவலையும் தாய்க்கு இருக்கிறது.

கடிதத்தின் கடைசிப் பத்தியில், போகிற போக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். விளம்பரத்தின் முடிவில், தெருவில் பந்து விளையாடும் இன்னொரு பையனைப் பார்த்து இவன், "இன்னும் பந்தைத்தான் உருட்டிட்டு இருக்கியா? பாவம்டா நீ!" என்று சொல்லிவிட்டு, கருவியைத் தூக்கிக் காட்ட வேண்டுமாம். "அந்த அண்ணாவை நான் ஏம்மா கிண்டல் பண்ணணும்?" என்று மகன் கேட்டிருக்கிறான். "நடிப்புதானேடா என்று சமாதானம் சொல்லி வைத்திருக்கிறேன்" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் கேட்டது நல்ல கேள்வி. சட்டமும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால், வீட்டில் நடக்கும் விவாதத்தில் சட்டம் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மாமனார் சொல்வது பாதி சரி

14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை வேலைக்கு வைக்கக் கூடாது என்பது பொது விதி. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016ல் திருத்தியபோது, அந்தத் தடை எல்லாத் தொழில்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அதே திருத்தத்தில் இரண்டு விலக்குகளும் தரப்பட்டன. ஒன்று, பள்ளி நேரம் போகக் குடும்பத்துக்கு உதவுவது. மற்றொன்று, குழந்தை கலைஞராகப் பங்கேற்பது. சினிமா, டிவி தொடர்களோடு விளம்பரமும் இந்த இரண்டாவது விலக்கில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே உங்கள் மகன் விளம்பரத்தில் நடிப்பது குற்றமில்லை. மாமனாரிடம் இதைத் தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் இந்த விலக்கு நிபந்தனைகளோடுதான் வருகிறது. படிப்புக்குக் குந்தகம் வரக் கூடாது, பாதுகாப்பு விதிகளைப் பின்பற்ற வேண்டும். நிபந்தனைகளை மீறினால் விலக்கு கிடைக்காது, மாமனார் பயப்படுகிற இடத்துக்கே விவகாரம் போய் நிற்கும். குழந்தையை வேலைக்கு வைத்தவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பெற்றோரை முதல் முறை தண்டிப்பதில்லை. திரும்பவும் அதே மீறல் நடந்தால் அவர்களுக்கும் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. போலீஸ் உங்களைப் பிடித்துக்கொண்டு போகும் என்ற அச்சம் தேவையில்லை. அதற்காக அலட்சியமாகவும் இருந்துவிட முடியாது.

'ரெண்டு நாள் ஷூட்டிங்தானே' என்பவரிடம் கேட்க வேண்டியது

கோ-ஆர்டினேட்டர் சொன்னது தவறு. அதே சட்டத்தின் கீழ் 2017ல் வந்த விதிகளின்படி, குழந்தை பங்கேற்கும் எந்த ஒலி-ஒளித் தயாரிப்பாக இருந்தாலும், படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் முன்னதாகவே அனுமதி பெற வேண்டும். படிவம் 'சி' என்ற உறுதிமொழியை அவர் தாக்கல் செய்ய வேண்டும். பங்கேற்கும் குழந்தைகளின் பட்டியல், பெற்றோரின் சம்மதம், குழந்தையின் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்கும் நபரின் பெயர் ஆகியவை அதோடு போக வேண்டும். உறுதிமொழி 6 மாதம் செல்லும். இத்தனை நாளுக்குக் குறைவான படப்பிடிப்பு என்றால் அனுமதி வேண்டாம் என்று விதியில் எங்கும் இல்லை.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்டுடியோ இருப்பது சென்னை மாவட்டம், முட்டுக்காடு இருப்பது செங்கல்பட்டு மாவட்டம். இரண்டு ஆட்சியர் அலுவலகங்களிலும் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். வாங்க வேண்டியது தயாரிப்பு நிறுவனம். நீங்கள் அலைய வேண்டாம், நகலை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நகல் கேட்டதும் கோபப்படுகிற கம்பெனியை நம்பி நான் ஒரு குழந்தையை அனுப்ப மாட்டேன்.

ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் நிறுத்தி வைக்கக் கூடாது. அதிகபட்சம் ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். இவையும் விதிகளில் உள்ளவைதான். நடைமுறையில் சிக்கல் எங்கே வரும் என்றால், அந்த 5 மணி நேரத்தை எப்போதிலிருந்து எண்ணுவது என்பதில். காலை ஏழு மணிக்கு வரச் சொல்லி, மேக்கப் போட்டு உட்கார வைத்துவிட்டு, லைட்டிங் முடிந்து முதல் டேக் பதினொரு மணிக்குப் போனால், 'இப்போதுதானே வேலை ஆரம்பித்தது' என்பார்கள். அதனால், செட்டுக்குள் நுழைந்த நேரத்திலிருந்தே கணக்கு என்று அக்ரிமென்டில் எழுதி வாங்குங்கள். நீங்களோ கணவரோ, காட்சி எடுக்கப்படுவதைப் பார்க்கும் மானிட்டர் திரையின் பக்கத்திலேயே இருப்பீர்கள் என்பதும் எழுத்தில் வரட்டும். தாயைக் கேரவனில் உட்கார வைத்துவிட்டுப் பையனை மட்டும் கூட்டிப்போகும் ஏற்பாட்டுக்குச் சம்மதிக்காதீர்கள்.

12,000 ரூபாய் விஷயத்தை ஒரே வரியில் முடித்துவிடுகிறேன்: கட்டாதீர்கள். தேர்வான நடிகருக்குக் கம்பெனிதான் பணம் தர வேண்டும், நடிகரிடம் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் சந்தேகப்பட வேண்டியவர். விளம்பர ஏஜென்சியின் பெயரைக் கேட்டு, அதன் அலுவலக எண்ணை நீங்களே தேடிப் பிடித்துப் பேசி, உங்கள் மகன் தேர்வானது உண்மைதானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

'மைனர் அக்ரிமென்ட் செல்லாது' என்ற தைரியம்

உங்கள் உறவினர் சொன்னதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது, ஏனென்றால் அதில் கொஞ்சம் உண்மையும் கலந்திருக்கிறது. 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்பது 1903ல், அன்றைக்கு இந்திய வழக்குகளுக்கு உச்ச நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்து, இன்றுவரை நிற்கும் சட்டம். ஆனால் அந்தச் செல்லாமை முதலில் யாரைப் பாதிக்கிறது என்று பாருங்கள்.

1940களின் கடைசியில் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஒரு சிறுமிக்குப் படத்தில் வேடம் தருவதாகத் தயாரிப்பாளர் அவளுடைய தகப்பனாரோடு ஒப்பந்தம் போட்டார். பிறகு வேடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்தார். சிறுமியின் தரப்பு நஷ்டஈடு கேட்டது. மைனர் என்பதால் சிறுமியால் வழக்குப் போட முடியாது, மைனர் நடித்துத் தருவாள் என்ற வாக்கைப் பிரதிபலனாகக் கொண்டு தகப்பனார் போட்ட ஒப்பந்தமும் நிற்காது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடும்பம் வெறுங்கையோடு திரும்பியது. ஆக, 'செல்லாது' என்பது சம்பளத்தை வசூலிக்க வேண்டிய உங்களுக்குத்தான் முதலில் இடிக்கும்.

இப்போது நீங்கள் அனுப்பியுள்ள அக்ரிமென்டின் 9ஆவது பிரிவுக்கு வாருங்கள். படப்பிடிப்பு எந்தக் காரணத்தால் தடைபட்டாலும் அதனால் வரும் முழு நஷ்டத்தையும் 'பெற்றோர் தனிப்பட்ட முறையில்' ஈடு செய்ய வேண்டும் என்கிறது. இது உங்கள் மகன் தரும் வாக்கு கிடையாது. வயது வந்த நீங்கள், உங்கள் பெயரில், உங்கள் கையெழுத்தில் தரும் வாக்கு. மைனர் என்ற வாதம் இங்கே உங்களுக்குத் துணைக்கு வராமல் போகலாம். பையனுக்குக் காய்ச்சல் வந்து ஒரு நாள் ஷூட்டிங் நின்றால், ஸ்டுடியோ வாடகை, கேமரா, யூனிட் சாப்பாடு வரை உங்கள் தலையில் கட்டப் பார்க்கலாம். இந்தப் பிரிவை நீக்கச் சொல்லுங்கள். நீக்க மாட்டார்கள் என்றால், உடல்நலக் குறைவோ குழந்தையின் விருப்பமின்மையோ காரணமாக நின்றால் எந்தப் பொறுப்பும் இல்லை, மற்றவற்றுக்கு வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தருவதோடு சரி என்று மாற்றச் சொல்லுங்கள்.

வழக்குப் போட்டு வசூலிப்பது கடினம் என்பதால் பணம் வரும் முறையையும் மாற்ற வேண்டும். ஒளிபரப்பாகி 90 நாள் என்ற ஏற்பாட்டில், ஒளிபரப்பாகவே இல்லையென்றால் ஒன்றும் கிடைக்காது. எடுத்த விளம்பரங்கள் வெளிவராமல் கிடப்பில் போவது இந்தத் தொழிலில் நடப்பதுதான். பாதிப் பணம் கையெழுத்தாகும்போது, மீதி கடைசி நாள் படப்பிடிப்பு முடிந்ததும் என்று கேளுங்கள்.

அடுத்தது 6ஆவது பிரிவு. மகனின் முகம், குரல், உருவம் எல்லாவற்றையும் 'காலவரையின்றி, உலகம் முழுவதும், இப்போதுள்ள மற்றும் இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும்' பயன்படுத்தும் உரிமை. பலரும் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். நான் உங்களை நிறுத்திப் படிக்கச் சொல்வது இதைத்தான். அவன் கல்லூரிக்குப் போகும்போதும், வேலை தேடும்போதும், பத்து வயது முகத்தை யாரோ எங்கோ எதையோ விற்கப் பயன்படுத்தலாம் என்று இன்றைக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கிறீர்கள். அவனுடைய குரலையும் உருவத்தையும் வைத்துச் செயற்கை நுண்ணறிவால் புது வசனம் பேச வைக்கவும் இதே வரியைக் காட்டுவார்கள்.

கம்பெனிக்கு இவ்வளவு காலம் தேவையா என்று பார்த்தால், தேவையில்லை. கையடக்க கேம் கருவிகளின் ஆயுள் சில ஆண்டுகள்தான். ஜப்பானிய கேம் நிறுவனமான நிண்டெண்டோவின் கருவிகளையே எடுத்துக்கொள்ளுங்கள்: டிஎஸ் 2004ல் வந்தது, 3டிஎஸ் 2011ல், ஸ்விட்ச் 2017ல், ஸ்விட்ச் 2 2025ல். ஆறேழு வருடத்தில், மிஞ்சினால் எட்டு வருடத்தில் அடுத்த தலைமுறை கடைக்கு வந்துவிடுகிறது. பழைய கருவியின் விளம்பரத்தை வைத்துக்கொண்டு அவர்கள் செய்யப்போவது ஒன்றுமில்லை. பதிப்புரிமைச் சட்டத்திலும், உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் கொள்ளப்படும். நடிகர்களின் உரிமைகளுக்கும் இந்த விதியைச் சட்டம் பொருத்துகிறது. 'காலவரையின்றி' என்று எழுதி வாங்குவது அந்தப் பாதுகாப்பைத் தாண்டிப் போவதற்குத்தான். ஒரு வருடம் அல்லது இரண்டு வருடம், இந்தியா மட்டும், எந்தெந்த ஊடகம் என்ற பட்டியல், நீட்டித்தால் தனிச் சம்பளம், உருவத்தையோ குரலையோ செயற்கையாக உருவாக்கத் தடை என்று எதிர்மொழிவு வையுங்கள். விளம்பர உலகில் இப்படிக் கேட்பது புதிதில்லை. பெரிய நடிகர்கள் எல்லோரும் இப்படித்தான் கால அளவு போட்டுக் கையெழுத்திடுகிறார்கள்.

அவன் கையில் இருக்கும் திரை

இந்த வகை விளம்பரத்துக்கே உரிய ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. படப்பிடிப்பில் உங்கள் மகன் விளையாடப் போவதில்லை. பெரும்பாலும் அவன் கையில் தருவது அணைந்த கருவியாகவோ, திரையில் பச்சை நிறமும் நான்கு மூலையில் புள்ளிகளும் இருக்கும் ஒரு மாதிரியாகவோ இருக்கும். வெறும் பச்சையைப் பார்த்துக்கொண்டு கண்ணை விரிக்க வேண்டும், ஜெயித்த மாதிரி குதிக்க வேண்டும், 'ஒன் மோர்' என்றதும் திரும்பக் குதிக்க வேண்டும். பட்டனை அழுத்தும் குளோசப்பில் வருவது வேறு ஒருவருடைய விரல்களாகக்கூட இருக்கலாம். கேம் காட்சிகளைப் பிறகு எடிட்டிங்கில்தான் ஒட்டுவார்கள்.

இதனால் இரண்டு விளைவுகள். உங்கள் கணவர் பயப்படுவதுபோல் மூன்று நாளும் அவன் கேம் ஆடி அடிமையாகப் போவதில்லை. அலுத்துப்போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். மற்றது கவலைக்குரியது. அவன் கையில் எந்த விளையாட்டு ஓடுகிறது என்பது படப்பிடிப்பு நாளில் அவனுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பெரியவர்களுக்கான ரத்தக்களரி கேமை ஒட்டினாலும் அதைப் பார்த்துச் சிரிப்பது உங்கள் மகன் முகமாகத்தான் இருக்கும். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களும், அவற்றுக்கான விளம்பரங்களும் 2025ஆம் ஆண்டின் ஆன்லைன் கேமிங் சட்டத்தில் தடை செய்யப்பட்டவை. அதற்கு முன்பே, 2020 டிசம்பரிலிருந்து, அப்படிப்பட்ட விளம்பரங்களில் 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் காட்டக் கூடாது என்று விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஆஸ்கி வழிகாட்டுதல் வைத்திருந்தது. 'திரையில் காட்டப்படும் விளையாட்டுகள் பத்து வயதுக் குழந்தைக்கு ஏற்றவையாக மட்டுமே இருக்கும், இறுதி வடிவத்தை ஒளிபரப்புக்கு முன் பெற்றோருக்குக் காட்ட வேண்டும்' என்று ஒரு வாக்கியம் சேருங்கள். இதற்கு அவர்களுக்கு ஒரு பைசா செலவில்லை.

வலிப்பு பற்றி மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சிறு வயதில் காய்ச்சலோடு வரும் வலிப்பு வேறு, மின்னும் ஒளியால் தூண்டப்படும் வலிப்பு வேறு. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூன் நிகழ்ச்சியில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னியதைப் பார்த்து, 600க்கும் மேற்பட்ட குழந்தைகள் ஒரே மாலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கேம் கருவிகளின் கையேட்டில் வலிப்பு பற்றிய எச்சரிக்கை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கேம் உலகம் என்று காட்டுவதற்கு செட்டில் வேகமாக மின்னி மின்னி அணையும் ஸ்ட்ரோப் விளக்குகள் போடுவதும் உண்டு. குழந்தைகள் நல மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பார்த்து, மின்னும் விளக்குகளுக்கு முன் அவன் நிற்கலாமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முன்பு வலிப்பு வந்ததைத் தயாரிப்பாளரிடம் மறைக்காதீர்கள். வாய்ப்பு போய்விடுமோ என்று மறைக்கத் தோன்றும், எனக்குப் புரிகிறது. ஆனால் செட்டில் ஏதாவது நேர்ந்தால், என்ன நடக்கிறது என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"பாவம்டா நீ!"

இனி அந்தக் கடைசி வசனம். நடிப்புதானே என்று நீங்கள் சமாதானம் சொன்னதைக் குறை சொல்ல மாட்டேன், எந்தத் தாயும் அப்படித்தான் சொல்வார். ஆனால் இந்த இடத்தில் உங்கள் மகன் சொல்வதுதான் சரி.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் 9 அன்று விளம்பரங்களுக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதில் குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரங்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. ஒரு பொருளை வாங்காத குழந்தை கேலிக்கு ஆளாகும், மற்றவர்களைவிடத் தாழ்ந்துவிடும் என்ற எண்ணத்தை உண்டாக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. வாங்கச் சொல்லிக் குழந்தைகளை நேராகத் தூண்டுவதோ, பெற்றோரை நச்சரிக்க வைப்பதோ கூடாது என்பது இன்னொன்று. கருவி இல்லாத பையனைப் பார்த்து, கருவி வைத்திருக்கும் பையன் 'பாவம்டா நீ' என்பது முதல் விதியில் அப்படியே வந்து உட்காருகிறது. ஓடி விளையாடும் குழந்தையை மட்டம் தட்டுவதும் நல்ல விளம்பரத்துக்கு அழகில்லை.

இதற்காக உங்கள் மகனுக்கு அபராதம் வருமோ என்று கேட்டிருந்தீர்கள். தவறான விளம்பரங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்க நுகர்வோர் சட்டத்தில் இடம் இருக்கிறது. அது குறிவைப்பது பொருளைத் தயாரிப்பவரையும், தன் பெயரையும் புகழையும் வைத்துச் சிபாரிசு செய்பவரையும். கதையில் ஒரு பாத்திரமாக, எழுதிக் கொடுத்த வசனத்தைப் பேசும் முகம் தெரியாத சிறுவன் சிபாரிசு செய்பவராக ஆகமாட்டான். அந்தக் கவலையை விட்டுவிடுங்கள். அபராதம் வராது என்பதற்காக அந்த வசனத்தை அவன் பேச வேண்டும் என்றும் இல்லை. விளம்பரம் வந்த மறுநாள் அவன் வகுப்புக்குப் போக வேண்டும். அங்கே அந்தக் கருவியை வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகள் பத்துப் பேராவது இருப்பார்கள்.

2017 விதிகளில் ஒரு வரி இருக்கிறது: எந்தக் குழந்தையையும் அதன் விருப்பத்துக்கும் சம்மதத்துக்கும் மாறாகப் பங்கேற்க வைக்கக் கூடாது. பெற்றோரின் சம்மதத்தை வேறு இடத்தில் தனியாகக் கேட்டுவிட்டு, இங்கே குழந்தையின் சம்மதத்தைக் கேட்கிறார்கள். உங்கள் மூன்று பக்கக் கடிதத்தில் மாமனார், கணவர், கோ-ஆர்டினேட்டர், உறவினர் எல்லோருடைய கருத்தும் விரிவாக இருக்கிறது. மகனுக்கு நடிக்க ஆசையா, அல்லது அந்தக் கருவி கிடைக்கும் என்பதற்காகச் சம்மதித்தானா என்பது மட்டும் இல்லை. அவனைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். நடிக்காவிட்டாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். நடிக்கிறேன், அந்த வசனம் மட்டும் வேண்டாம் என்று அவன் சொன்னால், அதையே இயக்குநரிடம் சொல்லுங்கள். கடைசியில் இரண்டு பையன்களும் சேர்ந்து விளையாடுவதாக மாற்றினால் விளம்பரம் கெட்டுவிடாது. விதியைச் சுட்டிக்காட்டினால் ஏஜென்சியே நன்றி சொல்லி மாற்றிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. வெளிவந்த பிறகு புகார் வந்து நிறுத்துவதைவிட அவர்களுக்கு அது மேல்.

பணம்

குழந்தை சம்பாதிக்கும் தொகையில் குறைந்தது 20 சதவீதத்தைத் தயாரிப்பாளர் நேரடியாகக் குழந்தையின் பெயரில், அரசுடைமை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். அவன் மேஜராகும்போது அது அவன் கைக்கு வரும். 75,000க்கு அது 15,000 ரூபாய். கமிஷன் போக மீதியில் 20 சதவீதம் என்று கணக்குப் போடச் சம்மதிக்காதீர்கள், முழுத் தொகையில் கேளுங்கள். மிச்சத்தையும் அப்பா கணக்குக்குப் போகவிடாமல் மகன் பெயரில் ஒரு கணக்கும் பான் கார்டும் எடுத்துவிடுங்கள். மைனரின் வருமானம் பொதுவாகப் பெற்றோர் வருமானத்தோடு சேர்க்கப்படும். ஆனால் சொந்தத் திறமையால் சம்பாதித்தது சேராது, அது அவனுடைய வருமானமாகவே கணக்கிடப்படும். வரி பிடித்தம் செய்திருந்தால் அவன் பெயரில் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். வைப்புத் தொகைக்கு வரும் வட்டி மட்டும் பெற்றோர் வருமானத்தில் சேரும்.

பரிசாகத் தரும் கருவியைச் சம்பளத்தின் பகுதியாக எண்ணாதீர்கள். அதை வீட்டில் எப்போது, எவ்வளவு நேரம் விளையாடலாம் என்பது உங்கள் வீட்டு முடிவு. உங்கள் கணவரின் வார்த்தைக்கு மதிப்புத் தர வேண்டிய இடம் அதுதான். கருவி வீட்டுக்கு வருவதற்கு முன்பே மூன்று பேரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

அரையாண்டுத் தேர்வு நேரத்தில் படப்பிடிப்பு வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தேதியை மாற்றச் சொல்லுங்கள். பள்ளிப் படிப்பு கெடக் கூடாது என்பது சட்டமே போட்ட நிபந்தனை என்பதால் இதை நீங்கள் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. தலைமை ஆசிரியரிடமும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

நாளைக்கே கோ-ஆர்டினேட்டருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், போனில் பேச வேண்டாம். இரண்டு மாவட்ட அனுமதியின் நகல், 6ஆவது, 9ஆவது பிரிவுகளில் திருத்தம், பணம் தரும் முறை, கடைசி வசனம், தேதி மாற்றம் ஆகியவற்றைக் கேளுங்கள். 'அடுத்த வாரத்துக்குள்' என்ற கெடுவுக்குப் பயந்து, பதில் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள். திருத்திய அக்ரிமென்ட் வந்ததும் கோவை நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் காட்டுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். படப்பிடிப்பில் குழந்தையை யாராவது தவறாக நடத்தினால், நேரம் காலம் பார்க்காமல் 1098ஐ அழையுங்கள்.